ஒன்பதாவது உயரம்

அந்த மாகாணத்தில் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும், யார் யார் மந்திரி என்பது பதவியேற்புக்கு மூன்று நாள் முன்னதாகவே மூன்று பேருக்குத் தெரிந்துவிடும். பட்டியலை எழுதிய முதலமைச்சருக்குத் தெரியும். அதைத் தட்டச்சு செய்த விழா அதிகாரிக்குத் தெரியும். மூன்றாவது ஆள் மைக் செட்டுக்காரர். அவருக்குப் பெயர்களை யாரும் சொல்ல மாட்டார்கள். உயரத்தை மட்டும் சொல்லுவார்கள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்னொரு காலத்தில் ஆறடிக்காரர் ஒருவர் பதவியேற்றுவிட்டுப் போனதும், அதே மைக்கின் முன்னால் ஐந்தடிக்காரர் ஒருவர் வந்து நின்றார். மைக்கை இறக்க ஆளில்லை. மனிதர் நுனிக்காலில் எம்பி நின்று உறுதிமொழி படித்தார். முக்கால்வாசி தாண்டும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, ஆளுநரின் தோளைப் பற்றிக்கொண்டுதான் மீதியை முடித்தார். அந்த ஐந்து வருடமும் அவருடைய இலாகாவில் ஒரு வேலையும் தரையில் கால் ஊன்றவில்லை என்று சொல்லுவார்கள்.

அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு. பதவியேற்கும் வரிசைப்படி உயரங்களை மட்டும் ஒரு தாளில் அடித்து, உறையில் போட்டு ஒட்டி, மைக் செட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் இரண்டு நாள் ஒத்திகை பார்ப்பார். ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்வதற்கும் அடுத்தவர் வந்து நிற்பதற்கும் இடையில் கம்பம் ஏறவோ இறங்கவோ வேண்டும். பெயர் இல்லாததால் ரகசியமும் காப்பாற்றப்பட்டதாக அதிகாரி நினைத்துக்கொண்டிருந்தார்.

மைக் செட்டுக்காரரிடம் உயரத்தைக் கொடுப்பதும் ஒன்றுதான், புகைப்படத்தைக் கொடுப்பதும் ஒன்றுதான். முப்பத்தைந்து வருடமாக எல்லாக் கட்சிக்கும் அவர்தான் மைக் வைத்தார். அவருடைய பழைய இரும்புக் கம்பத்தில் ஒவ்வொரு தலைவருக்கும் அரத்தால் ஒரு கீறல் போட்டிருந்தார். மண்டபத்து வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தே உள்ளே இருப்பவரின் உயரத்தைச் சொல்லுவார். ஒருமுறை தொலைபேசியில் பேசிய ஒரு தலைவரின் குரலைக் கேட்டு, "இப்ப சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கார். எந்திரிச்சா அஞ்சடி ஏழு" என்றாராம். பக்கத்து சலூன்காரர் இதைச் சத்தியம் செய்து சொல்லுவார். சலூன்காரர் சத்தியம் செய்து சொன்ன வேறு பல விஷயங்களும் உண்டு என்பதால் அதை அந்த அளவில் விட்டுவிடலாம்.

ஆனால் ஏழு மந்திரிசபை கண்ட அந்த வாய் ஒருதரம்கூடத் திறந்ததில்லை. இதுதான் ஊருக்குப் பெரிய வேதனை.

இந்த முறையும் பழுப்பு உறை வந்த அன்றைக்கே கடையில் கூட்டம் கூடிவிட்டது. ரிப்பேருக்குக் கொண்டுவந்தது போல ஆளுக்கொரு பழைய ரேடியோவைக் கையில் வைத்திருந்தார்கள்.

"வடக்குத் தொகுதிக்காரருக்கு நிதி. எழுதி வெச்சுக்கங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அவருக்கா? அவர் தன் கண்ணாடியையே மூணு தடவை தொலைச்சவர். நிதியைக் குடுத்தா திரும்பி வருமா?" என்றார் சலூன்காரர்.

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"நான் எதுக்குச் சொல்றேன். இவர் மூஞ்சியப் பாருங்க. டீயை இடது கையில பிடிச்சிருக்கார். போன தடவை வலது கை. ஆக, பழைய ஆளுங்க பாதிப் பேர் காலி."

மைக் செட்டுக்காரர் டீயைக் குடித்தார். வலது கையில் சூடுபட்டிருந்தது. அதைச் சொன்னால் அதற்கும் ஒரு மந்திரியைக் கண்டுபிடிப்பார்கள் என்று சும்மா இருந்தார்.

கூட்டம் கலைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உறையைப் பிரித்தார். பதினெட்டு வரிகள். கம்பத்தைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்து, விரலால் கீறலைத் தடவிப் பார்த்தார். முதல் வரி ஐந்தடி ஆறு, முதலமைச்சர். இரண்டாவது ஐந்தடி ஒன்பதரை, வடக்குத் தொகுதிக்காரர். இப்படியே போனது. ஒன்பதாவது வரியில் நான்கடி பதினொன்று என்று இருந்தது. அது புதிதாக ஜெயித்த பள்ளிக்கூட டீச்சர். அந்த அம்மாவின் வெற்றிக் கூட்டத்துக்குப் போன வாரம்தான் மைக் வைத்தார். கம்பத்திலேயே கடைசிக் கீறல் அதுதான், இன்னும் பளபளவென்று இருந்தது.

அவர் தேடியது ஐந்தடி ஒன்றரை.

மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். ஐந்தடி ஒன்றரை இல்லை.

கம்பத்திலேயே முதல் கீறல் அது. துருவேறி, தடவினால் மட்டுமே தெரியும். அவருடைய தங்கை புருஷனின் உயரம். தங்கைக்குப் புருஷன் ஆவதற்கு முன்னாலேயே போட்ட கீறல். மைக் செட்டுக்காரர் முதன்முதலில் மைக் கட்டிய கூட்டத்தில் முதன்முதலாகப் பேசியவர் அவர். மைக் தலைக்கு மேலே இருந்தது. யாரோ ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"பெட்டி மேல நின்னு பேச நான் என்ன சிலையா? மைக்கு இறங்கி வரட்டும். ஏம்ப்பா, ஒரு ஜாண் இறக்கு" என்றார். சனம் சிரித்த சிரிப்பில் ஆம்ப்ளிஃபயரில் ஒரு வால்வு போய்விட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அவர் போட்டியிட்டது ஆறு தேர்தல், ஆறிலும் வெற்றி. எந்தக் கூட்டமானாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான். "பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்குதா? மச்சான், கேக்குதா?" மைக் செட்டுக்காரர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று "கேக்குது மாப்ளே" என்று குரல் கொடுத்தால்தான் பேச்சு நகரும்.

ஆறு தடவை ஜெயித்தவர் ஒரு தடவைகூட மந்திரியாகவில்லை. முந்தின ஐந்து முறையும் ஊர் அவர் பெயரைச் சொன்னது, பத்திரிகை அவர் பெயரைப் போட்டது. ஐந்து முறையும் அவர் வெள்ளைச் சட்டையைப் பெட்டி போட்டு மாட்டிக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் முறை ஒரு நாள் உட்கார்ந்தார். போன முறை மூன்று நாள். மூன்றாம் நாள் மாலையில் மணி அடித்தது. வீடே எழுந்து நின்றது. எதிர்முனையில் யாரோ தவறான எண்ணில், "ஜல்லி லோடு எப்ப வரும்?" என்று கேட்டார்கள். இவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்குக் காலைல வந்துரும்" என்றார். மறுநாள் விசாரித்து, சொன்னபடி ஒரு லோடு ஜல்லியும் அனுப்பி வைத்தார்.

உறை வந்த மறுநாள் காலை தங்கை கடைக்கு வந்தாள். அவளும் ஒரு ரேடியோ கொண்டுவந்திருந்தாள்.

"இது நல்லாத்தானே பாடுது" என்றார் அவர்.

"பாடட்டும். அண்ணே, நான் பேர் கேக்க வரல."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"தெரியும். மந்திரி சம்சாரங்கூட உங்கிட்டக் கேட்டு ஏமாந்து போனவங்கதானே." ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நேத்தே சட்டையை எடுத்து வெச்சுட்டார். நான்தான் கையைச் சுருக்கித் தைச்சேன். இந்த ஒரு வருஷமா அவருக்கு எல்லாத் துணியும் பெரிசாப் போச்சு. முதுகு வலிக்கு டாக்டர் கால்சியம் மாத்திரை குடுக்கறார், அதுபாட்டுக்கு உள்ள போகுது. மறுபடி மூணு நாள் அந்த நாற்காலியில உட்கார்ந்தார்னா இவர் எந்திரிக்க மாட்டார்ண்ணே."

"அப்படியெல்லாம் பேசாத."

"இருக்குன்னா நீ சொல்ல வேணாம். அது தன்னால வரட்டும். இல்லைன்னா இப்பவே சொல்லிரு. அவர் அந்தச் சட்டையைப் போடாம இருக்கட்டும். அவ்வளவுதான்."

அவர் சால்டரிங் கோலைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். தங்கை கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரேடியோவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி. நீயே வந்து அவர்கிட்டச் சொல்லு. என்னால முடியாது" என்றாள்.

அன்று மதியம் அவர் போனார். முப்பத்தைந்து வருடம் மூடியிருந்த வாயைத் திறக்கப் போகிறோம் என்பதால் வழி நெடுகச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். மாப்பிள்ளை சாய்வு நாற்காலியில், முழங்கால் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வருடமாகவே அப்படித்தான். தேர்தல் கூட்டங்களுக்குக்கூட ஜீப்பில் உட்கார்ந்தபடியே, கையில் பிடிக்கிற மைக்கில்தான் பேசினார். கம்பத்துக்கு வேலையே இருக்கவில்லை. எட்டுகிற தூரத்தில் தொலைபேசி இருந்தது. ஆணியில் வெள்ளைச் சட்டை தொங்கியது.

"வாங்க மச்சான். கவர் வந்துருச்சுன்னு சலூன்ல பேச்சு. நீங்க இடது கையில டீ குடிச்சீங்களாமே."

"கை சுட்டுக்கிச்சு."

"நான் நினைச்சேன். அந்த ஆள் பாதி மந்திரிசபையக் கலைச்சுட்டார்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தும் மைக் செட்டுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. துண்டின் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடப் பழக்கம். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இல்லையா?" என்றார் மாப்பிள்ளை.

"அஞ்சடி ஒன்றரை இல்ல மாப்ளே. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"ஓ."

தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை முழங்கால் மேல் கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"நல்லதாப் போச்சு. சட்டை கசங்காது" என்றார். பிறகு, "மச்சான், நீங்க இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல. எனக்காகச் சொன்னீங்க. அது பெரிசு. எந்த இலாகாவும் அவ்வளவு பெரிசில்ல" என்றார்.

மைக் செட்டுக்காரர் வீடு திரும்பும்போது, முள்ளைப் பிடுங்கிவிட்ட மாதிரி ஒரு வலியும் ஒரு நிம்மதியும் இருந்தன.

அவர் போன பிறகு மாப்பிள்ளை செய்த காரியம், மறுநாள் காலை பத்திரிகையில் வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. சலூன்காரர் ஒரு கையில் கத்தியும் மறுகையில் பேப்பருமாகக் கடைக்குள் ஓடிவந்தார். பாதி முகம் சோப்போடு ஓர் ஆளும் பின்னாலேயே வந்தார்.

"உங்க மாப்பிள்ளை பண்ணின வேலையப் பார்த்தீங்களா? 'எனக்கு எந்தப் பதவியும் வேண்டாம். உடல்நிலை இடம் தரவில்லை. இளையவர்களுக்கு வழி விடுகிறேன்.' முதலமைச்சருக்கு லெட்டர் எழுதி, நகலைப் பேப்பருக்கும் குடுத்துட்டார். மனுஷன்யா. தட்டு நிறையத் தேடி வர்றதை வேண்டாங்கறதுக்கு ஒரு நெஞ்சு வேணும்."

மைக் செட்டுக்காரருக்கு விஷயம் புரிந்தது. ஐந்து தடவை கிடைக்காதவர் என்ற பேர் வந்துவிட்டது. ஆறாவது தடவையாவது வேண்டாம் என்றவர் என்று இருக்கட்டும் என நினைத்திருக்கிறார். எப்படியும் வராத விருந்துக்கு, வர இயலாது என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருக்கிறார். கெட்டிக்காரர்தான். மைக் செட்டுக்காரர் அன்று முழுவதும் கம்பத்தை ஏற்றி இறக்கி ஒத்திகை பார்த்தார். ஒன்பதாவதுக்கு வரும்போதெல்லாம் டீச்சரின் பளபளப்பான கீறலில் நிறுத்தித் திருகை இறுக்கினார்.

பதவியேற்பு நாளன்று ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் நாற்காலி போட்டு முடித்திருந்தார்கள். விழா அதிகாரி பென்சிலோடு வந்தார்.

"ஒரு சின்னத் திருத்தம். ஒன்பதாவதை அடிச்சுருங்க. நான்கடி பதினொன்றுக்குப் பதிலா ஐந்தடி எட்டு."

"டீச்சருக்கு என்ன ஆச்சு?"

"எந்த டீச்சர்?"

அதிகாரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இனிமே மறைக்க என்ன இருக்கு. உங்க மாப்பிள்ளைதான் ஒன்பதாவது. விவசாயம். அவர்தான் வேண்டாம்னு எழுதிட்டாரே. நேத்து சாயங்காலம் முதலமைச்சரே போன் பண்ணினார். நான் பக்கத்துல இருந்தேன். 'உங்க பேரை எழுதியே வெச்சுட்டேன், நிஜமாவே வேண்டாமா'ன்னு கேட்டார். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் உங்க மாப்பிள்ளை, 'எழுதினது எழுதினதுதான்யா, ஊரெல்லாம் படிச்சாச்சு'ன்னார்."

"அவர் அஞ்சடி ஒன்றரை" என்றார் மைக் செட்டுக்காரர். தன் குரல் யாரோ வேறொருவருடையது போல அவருக்குக் கேட்டது. "முப்பத்தஞ்சு வருஷமா அஞ்சடி ஒன்றரை."

"நான் அட்டையைப் பார்த்துத்தானே அடிச்சேன். ஜெயிச்சவங்களுக்கெல்லாம் போன வாரம் அடையாள அட்டைக்கு அளந்தாங்கள்ல. சுவத்துல ஒட்டி நிக்க வெச்சு அளந்தது. நான்கடி பதினொன்று. முதுகெலும்பு உள்ள இறங்கிடுச்சுன்னு அவரே சிரிச்சுக்கிட்டுச் சொன்னாராம்." அதிகாரி பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். "உங்களுக்குத் தெரியாததா."

மேளம் இல்லாமல், பேண்டு வாத்தியத்தோடு விழா தொடங்கியது. முதல் எட்டுப் பேருக்கும் கம்பம் தவறில்லாமல் ஏறி இறங்கியது. எட்டாமவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மைக் செட்டுக்காரர் திருகைத் தளர்த்தினார். கை பழக்கத்தில் கீழே இறக்கிவிட்டது. நான்கடி பதினொன்றில் மைக் நின்றது. அதன் முன்னால் யாரும் இல்லை. பார்வையாளர் வரிசையில் டீச்சர் மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடமோ, அதில் பாதியோ, மைக் அந்த உயரத்திலேயே நின்றது. ஐந்தடி எட்டுக்காரர் வந்து கனைத்தார். மைக் செட்டுக்காரர் அதை ஒன்பது அங்குலம் மேலே ஏற்றினார்.

எல்லாம் முடிந்து, ஒயர்களைக்கூடச் சுருட்டாமல் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவளின் கண் சிவந்திருந்தது.

"அடுப்புப் புகை" என்றாள். அந்த வீட்டில் பத்து வருடமாக கேஸ் அடுப்புதான்.

மாப்பிள்ளை டி.வி.யை அணைத்தார். ஆணியில் சட்டை இல்லை. மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள் போல.

"மைக் எல்லாருக்கும் கச்சிதமா இருந்துச்சு மச்சான். ஒன்பதாவது ஆள் வர்றப்ப மட்டும் கொஞ்சம் தடுமாறினீங்க."

"திருகு பழசு."

"அதான் பார்த்தேன். மத்தபடி உங்க கணக்கு என்னைக்குத் தப்பியிருக்கு." முகத்தில் ஒரு ரேகைகூட அசையவில்லை. "நீங்க சொன்னதாலதான் நான் முந்திக்கிட்டேன். காலைல இருந்து எத்தனை பேர் பாராட்டிட்டுப் போறாங்க தெரியுமா. மருந்துக்கடைக்காரர் மாத்திரையையே சும்மா குடுத்துட்டுப் போயிட்டார். இல்லைன்னா மூணு நாள் போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

"போன் ஏதும் வந்துச்சா?" என்று கேட்டார் மைக் செட்டுக்காரர். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

தங்கை அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"வந்துச்சே" என்றார் மாப்பிள்ளை. "நேத்து சாயங்காலம். ஜல்லி லோடு கேட்டு. அந்த ஆளுக்கு இன்னும் வீடு கட்டி முடியல பாவம்."

மைக் செட்டுக்காரர் சிரிக்க முயன்றார். கிளம்பினார். எப்போதும் நாற்காலியிலிருந்தே கையசைக்கிறவர் அன்று கைப்பிடிகளை அழுத்தி மெதுவாக எழுந்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். கதவின் தாழ்ப்பாள் அவருடைய தாடைக்கு நேராக இருந்தது. அந்தக் கதவில் தாழ்ப்பாள் வைத்தபோது இருவருமாகத்தான் இடம் பார்த்தார்கள். அன்று அது தோளுக்கு நேராக இருந்தது. செருப்பைப் பார்த்து ஊரை அளந்தவர், வாரம் இரண்டு தரம் வந்துபோன வீட்டில் எதிரே இருந்த மனிதனை ஒரு வருடமாகப் பார்க்கவே இல்லை.

அவர் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் சொல்லவில்லை. உறவில் இப்படிச் சொல்லாமல் விடுகிற விஷயங்கள் தலைக்கு நாலு இருக்கத்தான் செய்யும்.

நாலு மாதம் கழித்து, மாப்பிள்ளையின் தொகுதியில் ஒரு சின்ன நூலகத் திறப்பு. நூறு நாற்காலி. அவர் உட்கார்ந்து பேச மாட்டேன், நின்றுதான் பேசுவேன் என்று சொல்லிவிட்டார். டாக்டர் பத்து நிமிடம் அனுமதித்தார். முந்தின நாள் மைக் செட்டுக்காரர் கடையைச் சாத்திக்கொண்டு, பழைய கம்பத்தை மடியில் கிடத்தி, அரத்தை எடுத்தார். டீச்சரின் கீறல் இருந்த அதே இடம்தான், புதிதாகப் போட அவசியமில்லை. ஆனாலும் கம்பத்தைத் திருப்பி, துருவேறிய முதல் கீறலுக்கு நேர் கீழே, இரண்டரை அங்குலம் தள்ளி இன்னொன்று போட்டார்.

மாப்பிள்ளை மெதுவாக நடந்து வந்து கம்பத்தின் முன்னால் நின்றார். பழைய உயரத்திலேயே வைத்திருப்பார் என்று நினைத்து, மைக்கைக் கீழே இழுக்க வலது கையை உயர்த்தினார். கை பாதியில் நின்றது. மைக் சரியாக வாய்க்கு நேரே இருந்தது. ஒரு நூல் கூடவோ குறையவோ இல்லை. ஐந்தடி ஒன்றரைக்கு வைத்த மைக் இல்லை அது.

அவர் பேசவில்லை. சனம் மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தது. மைக் செட்டுக்காரர் கடைசி வரிசைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரின் குமிழைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருப்புவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை மூச்சு விடுவது ஒலிபெருக்கி வழியாக அந்தத் தெரு முழுதும் கேட்டது.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்குதா?" என்று கடைசியில் குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, "மச்சான், கேக்குதா?"

மைக் செட்டுக்காரர் குமிழிலிருந்து கண்ணை எடுத்தார்.

"கேக்குது மாப்ளே" என்றார்.